புகைவண்டி நிலையத்தில் நமக்குள்ள உரிமை

(கொக்குவிலில் நடைபெற்ற ஊர்க்கூட்டம் ஒன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற்கு என்னை அழைத்தவர்கள் அரசியலமைப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றே கேட்டார்கள். நான் கொக்குவில் ஸ்ரேசனைப் பற்றிப் பேசுகிறேன் என்று பதில் சொன்னேன். அவர்கள் முகத்திற் சிறிது ஏமாற்றம் தோன்றியதை நான் கவனியாமலில்லை. கொழும்பில் வழக்குப் பேசுகிற ஒருவனை அழைத்தால் அவன் மலசலகூடத்தைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பேசவா வருகிறான் என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் அன்பர்களே, அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையை நம்மிற் பலர் புத்தகத்திற் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அது நிலையத்தின் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே அது பிழையின்றி எழுதப்பட்டிருந்தால் நாட்டில் அது நடைமுறையில் இருக்கிறது என்று பொருள். பிழையாக எழுதப்பட்டிருந்தால், அல்லது எழுதப்படாமலே விடப்பட்டிருந்தால், அது புத்தகத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள்.

யாழ்ப்பாண நகரின் புறத்தே, காங்கேசன்துறைப் பாதையில் முதலாவதாக வருவது நமது நிலையம். அதன் பின் கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. பத்து மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் இத்தனை நிலையங்கள் ஏன் அமைந்தன? கொழும்புக்குப் போகிறவனுக்காக மட்டும் அமைந்திருந்தால் யாழ்ப்பாணம் ஒன்றே போதுமானது. நகரத்துக்கு வேலைக்குப் போகிறவனுக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும், தோட்டத்து விளைச்சலைச் சந்தைக்கு ஏற்றுகிறவனுக்கும் பயன்படவே இந்தச் சிறு நிலையங்கள் அமைந்தன. எனவே நமது நிலையத்தின் குறை நிறைகளை எடைபோடும்போது கொழும்புக் கோட்டை நிலையத்தை முன்னே வைத்துப் பார்க்க வேண்டாம். தினந்தோறும் போய் வருகிற சாதாரண மனிதனுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதே அளவுகோல்.

1902ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடியது. 1905 ஆகஸ்ட் மாதத்திற் கொழும்புடன் பாதை இணைந்தது. அதன் பிறகு நமது கொக்குவிற் சுருட்டு தென்பகுதிக் கடைகளில் எல்லாம் விற்பனையானதென்றால் அதற்குப் புகைவண்டியும் ஒரு காரணம். சுருட்டுக் கொட்டில்களில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தெற்கே போயின. அரிசியும் மாவும் வடக்கே வந்தன. அவற்றோடு மாதக் கடைசியிற் கிளாக்கர்மாரும் வந்தார்கள்.

1956 ஏப்ரல் 23ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்திற் சிங்களம் மட்டுமே அரச மொழி என்னும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஓர் ஆண்டின் இரண்டு மாதங்களுக்கிடையே இவை இரண்டும் நடந்தன. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஒரு பகற்பொழுதிற் போய்ச் சேரலாம் என்று வழி திறந்தவர்களின் நாட்டிலேயே, கொழும்பிற் கந்தோர்க் கதவு நமக்கு அடைபடவும் தொடங்கிற்று. அந்த வண்டியிற் போனவர்களில் எத்தனை பேர் சிங்களப் பரீட்சை எழுத மனமின்றி உத்தியோகத்தை விட்டு அதே வண்டியிற் திரும்பி வந்தார்கள் என்பதை நமது வீடுகளிற் கேட்டால் தெரியும்.

இனி எனது சொந்த ஞாபகம் ஒன்று. 1990 ஜூன் மாதத்தில் வடபகுதிக்கான வண்டி நின்றபோது எனக்குப் பத்து வயது. அதுவரை நாங்கள் தண்டவாளத்திற் காதை வைத்துக் கோச்சி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லப் பழகியிருந்தோம். பெரியவர்கள் கண்டால் அடி விழும். வண்டி நின்ற பிறகு சில வாரங்கள் அதே இடத்திற் போய்க் காதை வைத்துப் பார்த்தோம். பின்னர் அதுவும் அலுத்துவிட்டது. அதற்குப் பின்னர் காது வைக்கத் தண்டவாளமே இல்லாமற் போயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. அவற்றைக் கழற்றியவர்கள் ஒரு தரப்பினர் மட்டும் அல்லர். பாதை ஒழுங்கையாயிற்று. சைக்கிளிற் போவோருக்கும் நடந்து போவோருக்கும் அது குறுக்குவழி. வேலிகள் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்தன. யாருடைய வேலி என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை.

இருபத்து நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றரும், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றரும் புதிதாகப் போடப்பட்டன. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம், கண் கலங்கினவர்களும் உண்டு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று மேடைகளில் ஒரு சொல் அடிக்கடி கேட்டது. "பரிசு" என்ற சொல். வடபகுதி மக்களுக்கு அளிக்கப்பட்ட பரிசாம். இப்பாதை இந்திய அரசின் கடனுதவியிற் போடப்பட்டது. கடன் என்றால் திருப்பிக் கொடுப்பது. யார் கொடுப்பது? உரம் வாங்கும்போதும், மண்ணெண்ணெய் வாங்கும்போதும், பிள்ளைக்குப் பால்மா வாங்கும்போதும் வரி செலுத்துகிற நீங்களும் நானுந்தான். தன் காசிற் கட்டிய வீட்டைத் தனக்குத் தந்த பரிசு என்று எவனாவது சொல்வானா? ஆகவே நிலையத்தில் ஒரு வசதி வேண்டும் என்று கேட்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு கேட்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

வசதி என்றவுடன் கதிரையும் மின்விசிறியும் நினைவுக்கு வரும். நான் முதலிற் கடவையைச் சொல்லுகிறேன். ஏனெனில் மற்றவை இல்லாவிட்டால் மனிதன் சிரமப்படுவான். இது இல்லாவிட்டால் இறப்பான்.

சற்று யோசித்துப் பாருங்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் ஓர் ஊர் தன் நடுவே கிடந்த பாதையில் வண்டி இல்லாமல் வாழ்ந்தது. அந்தக் காலத்திற் பிறந்து, படித்து, மணமுடித்துப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தண்டவாளத்தைக் கடக்கும்போது இருபுறமும் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை எங்கே கற்பது? நினைத்த இடத்தில் ஒழுங்கைகள் பிறந்தன. பிறகு ஒரு நாள் வண்டி திரும்பி வந்தது. பழைய வண்டியிலும் வேகமான வண்டி. ஊர் தன் நடையை மாற்ற முன்னரே அது வந்துவிட்டது. வடபகுதிப் பாதையிற் கடவைகளில் உயிர்கள் போன செய்திகளை அதன் பின் நாம் எத்தனை தடவை வாசித்துவிட்டோம்! ஒவ்வொரு தடவையும் "கவனயீனம்" என்று ஒரு சொல். இறந்தவன் மேற் பழி போடுவது இலேசு. அவன் வந்து மறுமொழி சொல்லமாட்டான்.

கவனயீனம் இல்லை என்று நான் வாதாடவில்லை. 2005 ஏப்ரலிற் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரையிற் படலை சாத்தியிருக்கவும் அதைச் சுற்றிக்கொண்டு போன பஸ்ஸை வண்டி மோதி முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அங்கே குற்றம் சாரதியினுடையது. ஆனால் படலையே இல்லாத இடத்திற் சாரதியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

படலை இல்லாத கடவைகளுக்கு 2013ஆம் ஆண்டளவில் ஒரு வழி கண்டார்கள். பொலிஸ் திணைக்களத்தின் கீழ்த் தற்காலிகக் காவலாளிகள் நியமிக்கப்பட்டார்கள். நாள் ஒன்றுக்கு 250 ரூபா. நான் பிழையாகச் சொல்லவில்லை, இருநூற்றைம்பது ரூபா. வருடக்கணக்கில் அதுவே கூலியாயிருந்தது. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். வெங்காயம் பிடுங்க ஓர் ஆளைக் கூப்பிடுகிற கமக்காரர் இங்கே இருக்கிறார்கள். 250 ரூபாவுக்கு யாராவது வருவார்களா என்று அவர்களிடம் கேளுங்கள். ஒரு மூட்டை வெங்காயத்துக்குக் கொடுக்கிற மதிப்பை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் கடவைக்கு அரசாங்கம் கொடுக்கவில்லை. தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற அந்த ஆணையும் பெண்ணையும் நாமும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. "விடு, வண்டி வர நேரம் இருக்கு" என்று அவர்களை அதட்டிவிட்டுப் போனவர்களில் என் போன்ற கறுப்புக் கோட்டுக்காரரும் உண்டு.

அடுத்தது மேடையும் படியும். நம் நாட்டிற் பல நிலையங்களில் மேடைக்கும் பெட்டியின் படிக்கும் இடையிலுள்ள உயரம் நல்ல கால் உடையவனுக்கே ஒரு பரீட்சை. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நிலையத்தில், அதன் பெயர் வேண்டாம், எனது கட்சிக்காரர் ஒருவரை வண்டியில் ஏற்றினேன். செல்லடியில் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் கால். வண்டி நிற்பதோ ஒரு நிமிடம். நானும் ஓர் இளைஞனும் அவரைச் சாக்குமூட்டை தூக்குவதுபோலத் தூக்கி உள்ளே தள்ளினோம். அவர் எங்களைத் திட்டவில்லை, நன்றி சொன்னார். அந்த நன்றிதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அவருக்காகச் சட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலதுகுறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அதன்கீழ் 2006 ஒக்டோபரில் ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களுக்குள் அவர்கள் சிரமமின்றிப் புகவும் நடமாடவும் வழி செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம். பழைய கட்டடங்களுக்குக் கூடத் தவணை குறிக்கப்பட்டது. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. நமது பாதையோ அவற்றுக்கெல்லாம் பின்னர் புதிதாகப் போடப்பட்டது. பழைய கட்டடம், என்ன செய்வது என்ற சாட்டு இங்கே செல்லாது. யுத்தம் எந்த மண்ணில் அதிகமான கால்களைத் தின்றதோ அந்த மண்ணிற் சாய்தளமும் கைபிடியும் முதலில் வந்திருக்க வேண்டாமா?

மலசலகூடத்தைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டியதில்லை. கட்டிவிட்டுப் பூட்டி வைப்பதும், திறந்துவிட்டுத் தண்ணீர் விடாமல் வைப்பதும் நாடெங்கும் கண்ட காட்சி. நிலைய அதிபரின் மேற் கோபிக்க வேண்டாம். துப்புரவுக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்பட்டனவா என்று மேலே கேளுங்கள். ஆண்கள் வேலியோரத்தை நாடிவிடுவார்கள். பாதிக்கப்படுவது தாய்மார்களும் பெண்பிள்ளைகளுமே. பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்திலே இருக்கிறது. எத்தனை மாணவிகள் பொழுதுபடும் வேளையில் இந்த நிலையத்தில் இறங்கக்கூடும் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

இறங்கிய பின் வீதி இருட்டாயிருந்தால் யாரைக் கேட்பது? இங்கேதான் வேடிக்கை. புகையிரதம் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலையத்துக்கு வரும் வீதியும் அதன் விளக்கும் வடிகாலும் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. சில வீதிகள் மாகாணத்தினுடையவை. மழைக்காலத்தில் நிலையத்து வாசலில் வெள்ளம் நின்றால், அந்த வெள்ளம் எந்த அதிகாரத்துக்குச் சொந்தம் என்று முதலில் வழக்காட வேண்டும். அதிகாரப் பகிர்வு என்று நாம் எழுபது வருடமாகப் பேசுகிறோம். பகிர்ந்து கிடைத்தது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வசதி மட்டுமே என்று ஆகிவிடக்கூடாது. ஆகவே ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். விளக்குக்கு நல்லூர்ப் பிரதேச சபைக்கு ஒன்று, கடவைக்கும் மேடைக்கும் புகையிரதத் திணைக்களத்துக்கு ஒன்று. தனித்தனியே எழுதினால் ஒருவர் மற்றவரைக் காட்ட இடமிருக்காது.

எந்த மொழியில் எழுதுவது? தமிழில் எழுதுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச மொழி ஆக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்திற்குப் பின் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி. இதனால் இங்குள்ள அறிவித்தலும் பதிவேடும் தமிழில் இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் உங்கள் மகன் ஒரு முறைப்பாடு எழுதினாலும் அதைத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் அவனுக்கு உரித்து உண்டு. கிடைக்காவிட்டால் 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அதன் சிபாரிசை ஒரு நிறுவனம் அசட்டை செய்தால் மாகாண மேல் நீதிமன்றம் வரை போக வழி இருக்கிறது. போனவர்கள் எத்தனை பேர்? 1956இல் நம் தந்தையரும் பாட்டன்மாரும் எதற்காகக் காலிமுகத்திடலில் அடி வாங்கினார்களோ, அதிற் பாதியாவது சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அதை எடுத்து ஒரு கடிதத்தில் இடக்கூட நமக்குச் சோம்பலாயிருக்கிறது. தமிழ் விளம்பரப் பலகையில் எழுத்துப் பிழையைக் கண்டால் படம் பிடித்துச் சிரிக்கிறோம். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

கமக்கார நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வெங்காயமும் வாழைக்குலையும் இன்று லொறியிற் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. லொறிக்காரர் வீட்டுப் படலைக்கே வருகிறார். அதற்கான விலையையும் எடுக்கிறார். வண்டியில் அனுப்பினால் மலிவா இல்லையா என்று யாராவது கணக்குப் பார்த்தோமா? பொதிக்கட்டண விபரம் நிலையத்திலே தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு மூட்டையும் மற்றவர் இரண்டு மூட்டையும் கொண்டுவந்தால் எந்தத் திணைக்களமும் அதற்காக வண்டியை மறிக்காது. கூட்டுறவுச் சங்கம் முன்வந்து, கிழமைக்கு இத்தனை மூட்டை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாற்றான் இந்தப் பேச்சுக்குப் பலம் வரும். அதற்கு நீங்கள் ஆயத்தமா என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குள்ளே பேசி முடிவு செய்யுங்கள்.

வண்டிகள் நமது நிலையத்தில் நிற்பதும் இதுபோன்றதே. சிறு நிலையங்களில் எல்லா வண்டியும் நிற்பதில்லை. ஆள் ஏறுவதில்லை, ஆகவே நிறுத்துவதில்லை என்பார்கள். நிறுத்துவதில்லை, ஆகவே ஏறுவதில்லை என்போம் நாம். இந்த வாதம் முடிவற்றது. நீதிமன்றத்தில் நான் கற்ற பாடம் ஒன்றே: கணக்குக் கையில் இருப்பவனே முதலிற் பேச வேண்டும். கணக்கைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை, அப்புக்காத்தும் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதன் பின் ஆணைக்குழு.

என்ன கேட்பது? கடந்த வருடம் கொக்குவிலில் விற்பனையான பயணச்சீட்டு எத்தனை. எந்த வண்டிகள் நிற்கின்றன, எந்தக் காரணத்தால் மற்றவை நிற்பதில்லை. கோண்டாவில் வரை உள்ள கடவைகள் எத்தனை, அவற்றிற் காவலுள்ளவை எத்தனை. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளை நிறைவேற்ற இங்கு செய்யப்பட்டது என்ன, துப்புரவுக்கு ஒதுக்கப்பட்ட தொகை என்ன. இவ்வளவே. கோபம் வேண்டாம், வசை வேண்டாம், "தமிழன் என்றபடியாற்றானே" என்று எழுதவும் வேண்டாம். விடைகள் வரட்டும்; தெற்கேயுள்ள இதே அளவான புறநகர் நிலையம் ஒன்றின் விடைகளையும் பெற்றுப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்போம். பாரபட்சம் இருந்தால் கணக்கே அதைச் சொல்லும். அப்போது 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். ஒன்றை மறவாதீர்கள்: அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு அரசியலமைப்பு தரும் தவணை ஒரு மாதம். ஆறு மாதம் ஊரிற் பேசித் தீர்த்துவிட்டு என்னிடம் வந்தால் நான் தேநீர் தரலாம். வேறொன்றும் செய்ய முடியாது.

இந்தக் கேள்விகளைக் கொண்ட விண்ணப்பத்தின் பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஒருவர் பெயரில் ஒன்று போதும். ஆனால் நிலையத்தின் இருபக்கத்து ஊரவரும் தனித்தனியே போட்டால் நன்று. கையெழுத்து வைக்கத் தெரியாத முதியவர்களுக்குப் பிள்ளைகள் உதவி செய்யுங்கள். வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நிலையத்தடியிற் கூடிக் கடவைகளை நடந்து எண்ணுவோம். மேடையின் உயரத்தையும் அளப்போம். தச்சு வேலை செய்பவர் யாராவது ஓர் அளவு நாடா கொண்டுவந்தால் உதவியாயிருக்கும்.